எழுத்து: கலியாணசுந்தரம்

...அதத்தான் சார் சொல்றேன், உங்க பேருல ஒரு குத்தமும் இல்ல. சேதுபதி. எங்க வெட்டினாலும் தாங்கும். முன்னாடி வெட்டினா பதி, பின்னாடி வெட்டினா சேது, ரெண்டுமே மரியாதயான துண்டு. எல்லாருக்கும் அப்படி அமையுதா? சில பேரு இருக்கு, கொஞ்சம் மறச்சாப் போதும், குடும்பமே ரெண்டாயிரும். என் குடும்பம் ரெண்டாத்தான் கெடக்கு, மூணு வாரமா. உக்காருங்க சார். ஸ்டூல்ல பெயிண்ட் இருந்துச்சு, காஞ்சு போச்சு. வீட்டு வாசல் பலகதானே, பத்து நிமிசம். இன்னிக்கு சனிக்கெழம, போஸ்டாபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிக்கு அரநாளு வேல. எங்க போயி என்ன பண்ணப் போறீங்க, இந்தக் காஜா பெராங் தெருவுக்கு வந்தே நாலு நாளுதான் ஆவுது.

என்ன, கடைசி எழுத்துல ஆரம்பிக்கிறானேன்னு பாக்குறீங்களா? இந்தப் பலகையில வலது கோடியில ஒரு முடிச்சு இருக்கு, கண்ணு மாதிரி. மொதல்ல அது மேல 'தி'யப் போட்டு மூடிட்டா, மத்தது தானா எடம் பாத்து உக்காந்துக்கும். இது தொழில். இந்த மாதிரி பின்னாடி இருந்து எழுதுறது எனக்குக் கைவந்த கல. பின்னாடி இருந்து ஓட்டுறதும்தான். அதான வந்த வென.

எதுத்த வீட்டுக் கூரையப் பாருங்க. மீன்முள்ளு மாதிரி கம்பி நிக்குதுல்ல, டெலிவிசன் கம்பி. பாக்கியலட்சுமி அக்கா வீடு. இந்தத் தெருவுல மொத டெலிவிசன் அவங்களோடது. அவங்க சிட்டி கம்பத்து ஆளுங்க, சார், பல தலமுறைக்கு முன்னாடியே மலாக்காவுல வந்து தங்கிட்ட கூட்டம். பேரு தமிழ்ப் பேரு, நெத்தியில துன்னூறு, பொங்கலுக்கு நம்மளவிட ஒழுங்காப் படைப்பாங்க. ஆனா பேச்சு மலாய்தான். தமிழ்ல எழுதினா ஒரு எழுத்து படிக்க வராது. இத ஞாபகத்துல வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

அவங்க வீட்டு ஜன்னல்ல நின்னு நின்னுதான் நான் பேரு போடுற விசயத்தையே கத்துக்கிட்டேன். எல்லாரும் நிகழ்ச்சியப் பாக்க வருவாங்க, நான் அதுக்கு முன்னாடி பேரு வருதுல்ல, அதப் பாக்க வருவேன். பேரு முடிஞ்சதும் கெளம்பிருவேன். பொன்னம்மா, அதான் என் சம்சாரம், "சாப்பாட்டு எலயப் பாத்துட்டு எந்திரிச்சு வர்ற ஒரே ஆளு நீங்கதான்"னு சொல்லுவா. சொல்லுவான்னா, முன்னாடி. இப்ப என்கிட்ட பேசுறது பாத்திரந்தான். தட்டு ஒரு சத்தம் போட்டா சாப்பாடு ரெடி, கொடம் ரெண்டு சத்தம் போட்டா தண்ணி இல்ல.

ஒரு தடவ அந்தப் பொட்டிக்குத் தொண்ட கட்டிக்கிச்சு. படம் வருது, சத்தம் இல்ல. பேரு வருது, போவுது, வருது, போவுது. வாக்காளர் பட்டியலு படிக்கிற மாதிரி இருந்துச்சு. இன்னொரு நாளு நான் இங்க கடையில இருக்கேன், அங்கருந்து சத்தம் மட்டும் வருது. என்னமோ மகாராசா வரப்போற மாதிரி முழங்குறான். என் கண்ணு முன்னாடி இருக்குறது தின்னர் டின்னு. அன்னிக்குத்தான் புரிஞ்சுச்சு. கொட்டு ஒரு எடத்த ஒதுக்கிக் குடுக்கும், அந்த எடத்துல எழுத்து வந்து உக்காரணும். வெள்ளக்காரன் குதிரப் படம் ஒன்னு வரும். குதிர ஓடுது, கொட்டும் அதே ஓட்டத்துல ஓடுது, டுமீல்னு ஒரு வெடி, வெடிச்ச எடத்துல ஒருத்தன் பேரு வந்து நிக்கும். அத முழுசாப் படிக்க எனக்கு இங்கிலீஸ் பத்தல. ஆனா அவன் பெரிய ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. வெடி சொல்லிருச்சுல்ல? அடுத்தாப்புல எட்டுப் பேரு கும்பலா வருவான், கொட்டு மெதுவா போவும். அவன்லாம் சம்பளத்துக்கு வந்தவன்.

இத நான் எங்க மச்சான்கிட்ட சொன்னேன். அங்க ஆரம்பிச்சுச்சு.

மச்சான்னா, வயலின் வித்வான் சுப்பையன். கேள்விப்பட்டதில்லையா? நல்லவேள, அவருகிட்ட சொல்லிராதீங்க. கோலாலம்பூர்ல, செந்தூல்ல இருக்காரு. பொன்னம்மாவுக்குக் கூடப்பொறந்த அண்ணன். என் மக மீனாச்சிக்கு ஒரே தாய்மாமன். அவளுக்கு வர்ற ஆவணி பன்னெண்டு கல்யாணம், ஜாலான் துக்காங் எமாஸ் பிள்ளையார் கோயில்ல. தாய்மாமன் மால எடுத்துப் போடாம பொண்ணு மணவறைக்கு நடக்குமா? நடக்காது. மாப்பிள வீட்டுக்காரங்க மொதல்ல கேக்குற கேள்வியே அதான். அந்தத் தாய்மாமன் இப்ப என் வாசல மிதிக்க மாட்டேன்னு செந்தூல்ல உக்காந்திருக்காரு. எதனால? ரெண்டே ரெண்டு எழுத்து, சார். வர வேண்டிய ரெண்டு எழுத்து வரல. ஒரு ஆம்பள ரெண்டு எழுத்துக்காக ஒரு கல்யாணத்த நிறுத்துவானா?

இருங்க, 'தி' முடிஞ்சுச்சு. அடுத்து 'ப'. அவசரப்படாதீங்க.

டெலிவிசன்ல புதுசா ஒரு தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சி ஆரம்பிச்சாங்க. வியாழக்கெழம சாயங்காலம் அரமணி நேரம். 'சுருதி நேரம்'னு பேரு. மெர்டேக்கான்னு சுதந்திரம் கெடச்சு எட்டு வருசத்துக்கு அப்புறம் நமக்கும் அரமணி நேரம் கெடச்சிருக்கு, சும்மா சொல்லக்கூடாது, எல்லாருக்கும் நெஞ்சு நெறஞ்சு போச்சு. பேரு வர்றப்ப வாசிக்கிற இச மச்சான் கட்டினது. பேரு எழுதுற வேலய எனக்கு வாங்கிக் குடுத்தாரு. நன்றி மறக்க மாட்டேன். நிலையத்து அதிகாரிகிட்ட என்ன அறிமுகப்படுத்துனாரு பாருங்க, "இது நம்ம வீட்டு ஆளுதான், போர்டு எழுதுற பையன்"னு. எனக்கு நாப்பத்தேழு வயசு. தலயில பாதி நர, மீதி வெள்ள பெயிண்ட். சரி, பெரியவங்க, ஆசயாச் சொல்றாங்க.

அந்தப் பேரெல்லாம் எப்படி வருதுன்னு நெனைக்கிறீங்க? கரண்டுலயா? நானும் அப்படித்தான் நெனச்சேன். போயிப் பாத்தா ஒரு மரப்பொட்டி. ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு உருள, நடுவுல கருப்புக் காயிதம், அதுல வெள்ள எழுத்து. ஒரு ஆளு கைப்பிடியச் சுத்துவான். பாசார் சந்தையில ஐஸ் காச்சாங்குக்கு ஐஸ் சீவுறானே, அதே கைப்பிடி. கேமரா அதயே மொறச்சுப் பாத்துக்கிட்டு நிக்கும். நாடு பூரா வாயப் பொளந்து பாக்குறது இந்த ஐஸ் மெசினத்தான். ரெக்கார்டு கிக்கார்டு ஒன்னும் கெடையாது. அந்த நேரத்துலயே வாசிப்பாங்க, அந்த நேரத்துலயே சுத்துவாங்க. தப்பினா தப்புனதுதான்.

மச்சான் நல்லாத்தான் கட்டியிருந்தாரு, இல்லேன்னு சொன்னா வாயி அழுகிரும். எல்லாரும் சேந்து ஒரு பெரிய முழக்கம், அதுக்கு நிகழ்ச்சிப் பேரு. அப்புறம் வயலின் ஒரு ஓட்டம் ஓடி வந்து நிக்கும், அதுக்கு மச்சான் பேரு. அப்புறம் பொம்பளக் கொரல்ல ஒரு ஆலாபன, அதுக்குப் பாடுற பொண்ணு தனலட்சுமி பேரு. அப்புறம் மிருதங்கம் மூணு அடி, தா... தா... தா, அதுக்கு நடராஜன் பேரு. கடைசியா எல்லாம் ஓஞ்சு தம்புரா மட்டும் ரீங்னு கேட்டுக்கிட்டு இருக்கும். அதுக்குப் பேரு கெடையாது. சும்மா.

சும்மாவே போவணுமா, நீங்களே சொல்லுங்க. தம்புரா அது பாட்டுக்கு ஒலிச்சுக்கிட்டுக் கெடக்கு, காயிதம் ரெண்டு மொழம் மிச்சம் கெடக்கு. ரெண்டும் வீணாப் போறதப் பாத்துக்கிட்டு நிப்பாங்களா? கடைசில, ஓரமா, சின்னதா, 'எழுத்து: கலியாணசுந்தரம், காஜா பெராங், மலாக்கா'ன்னு போட்டேன். யாரும் கேக்கல, யாருகிட்டயும் சொல்லல. சின்னதுன்னா... மத்ததவிடக் கொஞ்சம் பெரிசு. எழுத்துக்கு நெழல் வச்சிருந்தேன். இந்தக் கடத்தெருவுல பாதி போர்டு என் கையெழுத்து சார். ஒரு போர்டுலயாச்சும் என் பேரு இருக்கா? நெழல் வைக்கிறதுக்காவது எனக்கு பாத்தியத இல்லையா?

அந்த நெழல்தான் காயல. அதனால பஸ்ஸ விட்டேன். அடுத்த பஸ்ஸுல, சுருட்டுனா ஒட்டிக்கும்னு, ரெண்டு மொழத்தத் தோளுல விரிச்சுப் போட்டுக்கிட்டே சிரம்பான் வழியாக் கோலாலம்பூர் போனேன். பஸ்ஸு பூரா என் பேரப் படிச்சுக்கிட்டு வந்துச்சு. அங்க போயிச் சேர்றதுக்குள்ள ஒத்திக முடிஞ்சுபோச்சு. சுருள் இல்லாமலே வாசிச்சுப் பாத்துட்டாங்க. இன்னும் அஞ்சு நிமிசம்கிறான். மாட்டு, மாட்டுங்கிறான். சரின்னு சுருளப் பொட்டியில மாட்டியாச்சு.

இந்த எடத்துலதான் சார் நீங்க கவனிக்கணும். அந்தப் பொட்டியில அதுவரைக்கும் ஓடுனதெல்லாம் மலாய் நிகழ்ச்சி, ஜாவி எழுத்து, அதான் மலாய அரபு எழுத்துல எழுதுறது. அதுலயும் ரெண்டு, மச்சான் வேல வாங்கிக் குடுத்த கையோட நான் எழுதிக் குடுத்ததுதான், ஜாவி எனக்கு நல்லா வரும். ஜாவியப் படிக்கிறது வலது பக்கத்துல இருந்து. அப்பச் சுருளு எந்தப் பக்கமா நகரணும்? எழுத்து இடது ஓரத்துல இருந்து உள்ள நொழஞ்சு வலது பக்கமாப் போவணும். தமிழு நேர் எதிரு. இப்ப தமிழ்ச் சுருள ஜாவி மாதிரி மாட்டினா? இந்தாங்க, இந்த அட்டயப் புடிங்க, அது பின்னாலருந்து என் பேர மெதுவா இழுக்குறேன். மொதல்ல என்ன வருது? 'ம்'. அப்புறம் 'ரம்'. அப்புறம் 'தரம்'. வாலு முன்னாடி, தல பின்னாடி. பேரு வரிசயும் அப்படியே தலகீழு.

அந்த மாட்டினவன் ஒரு அதிபுத்திசாலி. பழக்க தோசத்துல ஜாவிக்கு மாட்டுற பக்கமா மாட்டிட்டான். சுத்தினவன் அதுக்கு மேல.

ஆரம்பிச்சுருச்சு. தடதடதடன்னு பெரிய முழக்கம், எல்லா வாத்தியமும் சேந்து ஊரையே எழுப்புது. நிகழ்ச்சிப் பேரு வரணும். என்ன வருது? 'மலாக்கா'. அப்புறம் 'காஜா பெராங்'. அப்புறம், ஜொலிக்குது சார், நெழலோட, 'எழுத்து: கலியாணசுந்தரம்'. எனக்காகவே சொல்லி வச்சுக் கொட்டுன மாதிரி. மூவார் வரைக்கும் பாத்திருக்கான். இன்னிக்கும் பாசார்ல ஒரு தவுக்கே, சீனக் கடமுதலாளி, என்னப் பாத்தா எந்திரிச்சு நிக்கிறான், டெலிவிசன் கம்பெனி எனக்குச் சொந்தம்னு நெனச்சுக்கிட்டு.

அடுத்து வயலின் ஓடி வருது. மச்சான் உசுரக் குடுத்து வாசிக்கிறாரு, பாவம், முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு, அவருக்கு ஒன்னும் தெரியாது. யாரு பேரு வருது? மிருதங்கம் நடராஜன். அந்த ஆளு வயலின் வில்லத் தொட்டதே இல்ல. அடுத்து ஆலாபன, அதுக்கு மட்டும் சரியா தனலட்சுமி. அவ நடுவுல இருந்தா, அந்தப் பக்கத்துல இருந்து எண்ணினாலும் மூணு, இந்தப் பக்கத்துல இருந்து எண்ணினாலும் மூணு. அந்த நிகழ்ச்சியில இன்னிக்கு வரைக்கும் சந்தோசமா இருக்குற ஒரே சீவன் அவதான்.

அப்புறம் மிருதங்கம். இப்ப மச்சான் பேரு வரணும், அதுவும் வாலுல இருந்து. முதல் 'தா', ஓரத்துல 'ன்' எட்டிப் பாக்குது. ரெண்டாவது 'தா', 'யன்'. மூணாவது 'தா', ஓங்கி ஒரு அடி, எல்லாம் நின்னுபோச்சு. சுருளும் நின்னுபோச்சு. 'சுப்' வெளிய மாட்டிக்கிச்சு. உள்ள இருக்குறது என்ன?

ஆமா சார். 'பையன்'.

சிரிக்காதீங்க. அம்பத்தெட்டு வயசு. பொன்னாட மட்டும் ஒம்போது வச்சிருக்காரு. காப்பிக்கடையில யாராச்சும் 'அண்ணே'ன்னு சொன்னாக்கூட, 'வித்வான்'னு திருத்துவாரு. அவரு முதுகுக்குப் பின்னாடி, மலையா பூரா பாக்குற டெலிவிசன்ல, மிருதங்கம் முத்தாய்ப்பு வச்சு, பையன்.

பாக்கியலட்சுமி அக்கா வீட்டுல அன்னிக்கு முப்பது பேரு. பொன்னம்மாதான் முன் வரிசயில, பட்டுச் சேல கட்டிக்கிட்டு. அண்ணன் பேரு வரப்போவுதுன்னு சொல்லிச் சொல்லி வச்சிருக்கா. அந்த எழுத்து வந்து நிக்குது. நகர மாட்டேங்குது. அக்காவுக்குத்தான் தமிழு படிக்கத் தெரியாதே. "பொன்னம்மா, இத்து அப்பா துலிஸ்?"னு கேக்குறாங்க. என்ன எழுதியிருக்குன்னு. இவ என்ன பண்ணுவா? படிச்சுச் சொன்னா. "பையன்." அக்கா விடல, அப்படின்னா என்னன்னு கேட்டாங்க. இவ மலாயில சொன்னா, "புடாக்." கூடப்பொறந்த அண்ணன, பட்டுச் சேல கட்டிக்கிட்டு, முப்பது பேருக்கு நடுவுல, ரெண்டு பாசையில.

சரி, அது அதோட போயிருக்கும். மச்சானுக்கு யாரு சொல்லப்போறா? டெலிவிசன் காரங்க மொகத்த ஒரு மாதிரி வச்சிருக்காங்க, அவரு தன் வாசிப்ப நெனச்சு மலச்சுப் போயிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டாரு. ஞாயித்துக்கெழம கல்யாணப் பேச்சுக்கு இங்க வர்றாரு. பஸ்ஸ விட்டு எறங்கி, வயலின் பொட்டிய மார்போட அணச்சுக்கிட்டு, தெருவுல நடந்து வர்றாரு. பாக்கியலட்சுமி அக்கா வாசல்ல நிக்கிறாங்க. நல்ல மனசு சார், ஒரு சூது தெரியாது. அவரோட பேரே அதான்னு நெனச்சுக்கிட்டு, கையக் கூப்பி, வாயெல்லாம் பல்லா, "ஹா, புடாக் பியோலா சூடா டாத்தாங்!"ங்குறாங்க. வயலின் பையன் வந்தாச்சு.

அவரு நின்னாரு. என்னப் பாத்தாரு, தங்கச்சியப் பாத்தாரு. இவ அழுதுட்டா, எவ்வளவு நேரம் நகராம நின்னுச்சுங்கிறது வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிட்டா. ஒரு வாய் தண்ணி குடிக்கல சார். செருப்பக் கழட்டினவரு திரும்ப மாட்டிக்கிட்டாரு. போறப்ப ஒன்னு சொன்னாரு. "மாட்டினது தப்பா இருக்கலாம், மன்னிச்சுருவேன். ஆனா அடி விழுந்ததுக்கு அப்புறம் ஒரு ஆவர்த்தனம் கைய நிறுத்தி வச்சிருக்கான். அது தப்பு இல்ல. கைப்பிடி சுத்தினவன் யாரு, அவன என் முன்னாடி கொண்டாந்து நிறுத்து. அப்புறம் மாலய எடுக்குறேன்." அவ்வளவுதான். நான் என்ன சொல்றது? "அங்க யாரோ ஒரு ஆளு மச்சான், பேரு தெரியல"ன்னேன்.

மூணு வாரமா பொன்னம்மா, அந்த ஆளத் தேடிப் போங்கன்னு நிக்கிறா. வாயால சொல்லல, பாத்திரத்தால. மீனாச்சி பாவம், கல்யாணச் சேலைக்கு ரவிக்க தச்சு வந்திருக்கு, போட்டுப் பாக்கக்கூட இல்ல. மடிச்ச மடிப்புலயே இருக்கு. அவளுக்கு மாமான்னா உசுரு. அந்தப் பிள்ள மொகத்தப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல, அது உண்ம. எல்லாம் அந்தக் கைப்பிடிக்காரப் படுபாவியால. பேசாம சுத்துறதுக்குன்னு சம்பளம் வாங்குற ஆளையே சுத்த விட்டிருக்கணும். வழக்கமாச் சுத்துற ஆளு அங்கதான் நின்னான், மலாய்க்கார அண்ணன், பொறுப்பான மனுசன். "நகருங்க, இதுக்குத் தாளம் தெரிஞ்ச ஆளு வேணும், நான் பஜனையில இருவது வருசமா ஜால்ரா போடுறவன்"னு சொல்லி அவரத் தள்ளிட்டு, பெரிய தாளக்காரன் மாதிரி போயி நின்னு, மூணாவது 'தா' விழுந்ததும் என் கையி அப்படியே...

என்ன சார்?

'என் கையி'ன்னா சொன்னேன்? அவன் கையி. அந்த ஆளு... பஜனையில ஜால்ரா போடுற ஆளு. ஆமா, அதுவும் சொல்லிட்டேன்ல.

சரி. நான்தான். மாட்டினதும் நான்தான், சுத்தினதும் நான்தான். பலகையப் பாத்துக்கிட்டே சொல்றேன் சார், திரும்பினா சொல்ல வராது.

மாட்டினது சத்தியமாத் தப்புத்தான். ஜாவிச் சுருள் ரெண்டையும் மாட்டிப் பழகின கை. முதல்ல என் பேரு வந்தப்ப எனக்கே தல சுத்திருச்சு, என் மேல சாமி வந்த மாதிரி சுத்திக்கிட்டே இருந்தேன். நிறுத்தவும் முடியல, திருப்பவும் முடியல. பக்கத்துல சின்னதா ஒரு டெலிவிசன் வச்சிருக்காங்க, என்ன போவுதுன்னு பாக்க. அதுல பாத்துக்கிட்டேதான் சுத்தினேன். மூணாவது 'தா'. 'பையன்' வந்து நிக்குது. கால் சுத்து. இன்னும் ஒரே ஒரு கால் சுத்து சுத்தினா 'சுப்' உள்ள வந்திருக்கும். கைப்பிடி கையில இருக்கு, அது பாட்டுக்கு சுத்தும், எண்ணெ போட்ட கைப்பிடி.

நான் சுத்தல.

இருவத்திரெண்டு வருசம் சார். கல்யாணத்தன்னிக்கு, மணவறையில வச்சு, மேளக்காரர்கிட்ட என்னக் காட்டி, "மாப்பிள போர்டு எழுதுற பையன்"னாரு. மீனாச்சி பொறந்து ஆஸ்பத்திரிக்கு வந்தாரு, நர்ஸ்கிட்ட, "கொழந்தைக்கு அப்பா போர்டு எழுதுற பையன்." எங்கப்பா செத்தன்னிக்கு, பாடை வாசல்ல இருக்கு, துக்கம் கேக்க வந்தவங்ககிட்ட, "கொள்ளி வைக்கிறது யாரு, இந்தப் போர்டு எழுதுற பையனா?" என் பேரு என்னன்னு அவருக்குத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம். அன்னிக்கும் அந்த அதிகாரிகிட்ட அதே வார்த்த. அந்த வார்த்த இப்ப என் முன்னாடி நிக்குது, அவரு பேரா, வெள்ள எழுத்துல, நானே எழுதினது. கை நின்னுபோச்சுன்னு இத்தன நாளா எனக்கே சொல்லிக்கிட்டு இருந்தேன். நிக்கல. நிறுத்தினேன். ஒரு தட்டு, மூணு வெரலு, தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. எட்டு எண்ணினேன். ஒவ்வொன்னும் இனிச்சுச்சு சார். அதச் சொல்லாம விட்டா இன்னொரு பொய்யாயிரும்.

எட்டாவது எண்ணும்போதுதான் பொன்னம்மா ஞாபகம் வந்துச்சு, பட்டுச் சேல கட்டிக்கிட்டுப் போயிருப்பாளேன்னு. அப்புறந்தான் சுத்தினேன். அப்புறம் சுத்தி என்ன?

சார், ஒரு உதவி. நீங்க நாளைக்கு கோலாலம்பூர் போறதாச் சொன்னீங்கள்ல. செந்தூல் போயி அவரப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும். கைப்பிடி துருப்புடிச்சு சிக்கிக்கிச்சுன்னு... வேணாம், அவரு நேரே போயி அந்தப் பொட்டியச் சுத்திப் பாத்துருவாரு. ஜாவி மேல போட்டுருங்க... அதுவும் வேணாம், ஜாவி என்ன பாவம் பண்ணுச்சு, அது அதோட பக்கத்துல ஒழுங்காத்தான் போவுது. சுத்துனவன் அகப்பட்டுட்டான்னு மட்டும் சொல்லுங்க. யாருன்னு கேப்பாரு. கேட்டா நீங்க... சார்? 'ப' முடிஞ்சுச்சு, இங்க பாருங்க, வளைவு எப்படி... சார்?

போயிட்டாரா. அட்டயக்கூட ஸ்டூல் மேல வச்சுட்டுப் போயிருக்காரு, மரியாதயான மனுசன். பேரு பாதி எழுதியிருக்கு, பலகய விட்டுட்டுப் போனா என்ன அர்த்தம். வந்த நாலு நாளுலயே இந்தத் தெருவ விட்டே போயிருவாரு போல.

யாரு, கதவுகிட்ட? ...பொன்னம்மாவா. எப்ப வந்த? எதுல இருந்து கேட்ட, எட்டு எண்ணினதுல இருந்தா? ...அதுக்கும் முன்னாடியா. ஜால்ராவுல இருந்தா. சரி.

அத ஏன் அப்படிப் பாக்குற? அது அந்த சார் வீட்டுப் பலக. சேதுபதின்னு பேரு. பின்னாடி இருந்து எழுதிக்கிட்டு வந்தேன், அதுக்குள்ள ஓடிட்டாரு. 'பதி'ன்னு மட்டும் நிக்குதுன்னா நான் என்ன பண்றது, எனக்கா எழுதி வச்சுக்கிட்டேன்? ...ஏதோ சொன்னியே. சத்தமாச் சொல்லு, தட்டுச் சத்தம் இல்லாம உன் கொரலக் கேட்டு மூணு வாரமாச்சு.

கெளம்பவா? இப்பவேவா? நாலு மணி பஸ்ஸு. சட்டையெல்லாம் பெயிண்ட்டா இருக்கே... இருக்கட்டுமா. ம், இருக்கட்டும், அவருக்கு அடையாளம் தெரியும்.

என்ன சொல்லுவேன்னா... கதவத் தட்டுவேன். உள்ள இருந்துக்கிட்டே யாருன்னு கேப்பாரு. போர்டு எழுதுற பையன் வந்திருக்கேன், கைப்பிடி சுத்தினவனையும் கூட்டியாந்திருக்கேன் மச்சான்னு சொல்றேன். போதுமா? ...பேரச் சொல்லணுமா. பேரு தெரியலன்னு நான்தான அன்னிக்குப் பொய் சொன்னேன். நியாயந்தான். சொல்றேன், வாலுல இருந்து இல்ல, தலயில இருந்து, முழுசா.

எழுத்து: கலியாணசுந்தரம். கைப்பிடி: கலியாணசுந்தரம்.